சுறா சுற்றும் நீலக்கடலில் பெரிய மீன்: ரீலா, மிதவையா, ரப்பர் கயிறா?

மூச்சடக்கி முங்கி, ஆழ்கடலில் ஓடும் பெரிய மீனை ஈட்டியால் அடிப்பவர்கள் கூடினால் பேச்சு, ரப்பர் பட்டையின் விசையில் ஈட்டியை ஏவும் துப்பாக்கியில்தான் தொடங்கும். எத்தனை ரப்பர், எவ்வளவு நீளம், மரமா கார்பனா என்று. எனக்கு அதற்கு முன்னால் தெரிய வேண்டியது வேறு. ஈட்டி பாய்ந்த பிறகு அந்த மீன் எதோடு கட்டப்பட்டிருக்கும்? உங்கள் கையில் இருக்கும் ரீலோடா, மேலே கிடக்கும் மிதவையோடா, இரண்டுக்கும் நடுவே இழுபடும் ரப்பர் கயிறு உண்டா? சுறா இல்லாத கடலில் இது வசதியைப் பற்றிய கேள்வி. சுறா உள்ள கடலில் மீன் முழுசாகப் படகேறுமா என்பதும், நீங்கள் நிதானமாக மேலே வந்து மூச்சு வாங்குவீர்களா என்பதும் இதில்தான் இருக்கிறது.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். 1963-ல் டொனால்ட் நெல்சன், சாமுவேல் குரூபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கடலுக்குள் ஒலிபெருக்கி இறக்கிப் பார்த்தார்கள். விட்டு விட்டுத் துடிக்கும் தாழ்ந்த அதிர்வு, அதாவது நொடிக்கு 20 முதல் 60 வரை, சுறாக்களை வரவழைத்தது. அதே தாழ்ந்த ஒலி விடாமல் ஒரே சீராக ஒலித்தபோது அவை பொருட்படுத்தவில்லை. ஈட்டி பட்ட மீன் உதறும்போது கிளம்புவது அந்த விட்டு விட்டு வரும் அதிர்வுதான். இரத்தம் நீரோட்டத்தோடு மெதுவாகப் போய்ச் சேரும். சத்தம் உடனே போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே என் அளவுகோல் இரண்டு. மீன் எத்தனை நொடி உதறுகிறது என்பது ஒன்று. அது உதறும் நேரத்தில் அதற்கும் உங்களுக்கும் நடுவே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது இன்னொன்று.

ரீல்

துப்பாக்கியின் அடியில் பொருத்திய ரீலில் 50 முதல் 100 மீட்டர் மெல்லிய கயிறு சுற்றியிருக்கும். மீன் ஓடினால் கயிறு அவிழ்ந்து போகும், நீங்கள் துப்பாக்கியைப் பிடித்தபடி மேலே வருவீர்கள். இதன் அருமை நீருக்குள்தான் தெரியும். பின்னால் இழுபடும் கயிறு எதுவும் கிடையாது. நீரோட்டத்தில் மிதவை உங்களை ஒரு பக்கமாக இழுக்காது, துணைக்கு வந்தவரின் காலில் கயிறு சிக்காது. சட்டென்று திரும்பலாம், நினைத்த இடத்தில் இறங்கலாம். பவளத்திட்டின் ஓரத்தில் நடுத்தர மீனுக்கு நானும் ரீல்தான் எடுத்துப் போகிறேன்.

ஆனால் 40 கிலோ சூரை பட்டுவிட்டால் நிலைமை வேறு. ரீலில் கயிறு முடிவதற்குள் அது எங்கேயோ போயிருக்கும். கயிறு சிக்கினால் இழுபடுவது நீங்கள்தான், அதுவும் மூச்சு தீரும் நேரத்தில். அப்போது துப்பாக்கியைக் கைவிடுவதைத் தவிர வழியில்லை. விலை உயர்ந்த துப்பாக்கியை விட மனம் வராமல் இன்னும் இரண்டு நொடி, இன்னும் இரண்டு நொடி என்று பிடித்துத் தொங்குபவர்கள் உண்டு. மூச்சடக்கி மேலேறும்போது கடைசிச் சில மீட்டர்களில்தான் நினைவு தப்பும் ஆபத்து அதிகம், ஏனென்றால் அழுத்தம் குறையக் குறைய உடலில் எஞ்சிய ஆக்சிஜனின் அழுத்தமும் சரிகிறது. மீனோடு மல்லுக்கட்டிவிட்டு ஏறுபவருக்கு அந்த எச்சம் இன்னும் குறைவு.

சுறாவைக் கணக்கில் எடுத்தால் ரீலுக்கு இன்னொரு குறை உண்டு. சண்டை முழுவதும் கயிற்றின் ஒரு முனையில் மீன், மறுமுனையில் நீங்கள். இரண்டு கையும் கயிற்றில் இருக்கும், கண்ணும் கயிற்றில்தான் இருக்கும். மீனை இழுக்க இழுக்க, அதைத் தொடர்ந்து வரும் சுறாவையும் உங்களை நோக்கித்தான் இழுக்கிறீர்கள். மீன் அசையாமல் செத்துப் போகும்படி குறி விழுந்தால் இதெல்லாம் இல்லை. அப்படி விழும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய தூரத்திலும் அளவிலும் மட்டும் ரீல் போதும்.

மிதவையும் நேர்க்கயிறும்

இந்த ஏற்பாட்டில் ஈட்டியின் கயிறு துப்பாக்கியோடு கட்டப்படாது. மேலே மிதவையிலிருந்து வரும், இழுத்தாலும் நீளாத நேர்க்கயிற்றின் நுனி ஈட்டியோடு சேர்ந்திருக்கும், துப்பாக்கியில் சும்மா மாட்டியிருக்கும். சுட்டதும் அது கழன்றுவிடும். மீன் மிதவையை இழுத்துக்கொண்டு ஓடும். நீங்கள் துப்பாக்கியோடு மேலே வந்து, மூச்சு வாங்கி, சுற்றிலும் பார்ப்பீர்கள். இந்தப் பார்வை கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. எத்தனை சுறா, எந்த ஆழத்தில், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்யலாம்.

மெக்சிகோவின் குவாடலூப் தீவருகே டெர்ரி மாஸ் 1982-ல் சுமார் 180 கிலோ எடையுள்ள நீலத்துடுப்புச் சூரையை மூச்சடக்கி முங்கி அடித்தார். வெள்ளைச் சுறாவுக்குப் பேர்போன கடல் அது. அந்த அளவு மீனைக் கையால் பிடித்து நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மிதவைதான் அதனோடு போராட வேண்டும்.

மிதவை என்றதும் ஒரு கணக்கு. முழுக்க மூழ்கிய 35 லிட்டர் மிதவை ஏறக்குறைய 35 கிலோ இழுவை தரும். மேல்மட்டத்தில் அது சரி. மீன் அதைக் கீழே இழுத்துக்கொண்டு போனால்? சும்மா வாயால் ஊதிய மென்மையான மிதவை 10 மீட்டரில் பாதியாகச் சுருங்கும், 30 மீட்டரில் காலாகிவிடும். 35 கிலோ இழுத்தது அங்கே 9 கிலோகூட இழுக்காது. மிதவை எப்போது அதிகம் தேவையோ அப்போதுதான் அது ஓய்ந்துவிடுகிறது. பம்பு வைத்து 2 பார், அதாவது 20 மீட்டர் நீரின் அழுத்தத்துக்கு ஈடாக, கூடுதல் அழுத்தம் ஏற்றிய கெட்டியான மிதவை 20 மீட்டர் வரை பெரிதாகச் சுருங்காது. இந்த வித்தியாசத்துக்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம். புது ஈட்டியைவிட நல்ல மிதவைதான் அதிக மீனைப் படகேற்றும் என்பது என் உறுதியான எண்ணம்.

நேர்க்கயிற்றின் குறை அதன் முரட்டுத்தனம். மீன் ஓடிக் கயிறு விறைத்த அந்த ஒரு கணத்தில் முழு அதிர்ச்சியும் ஈட்டி துளைத்த சதையில் விழும். வஞ்சிரத்தின் உறவான வாஹூ மாதிரி சதை மெத்தென்ற மீனில் துளை கிழிந்து ஈட்டி வெறுமனே திரும்பி வரும். கிழிந்த மீன் பிழைப்பது உறுதியில்லை, அது சுறாவுக்குப் போய்ச் சேரலாம்.

ரப்பர் கயிறு சேர்த்தால்

இதற்காகத்தான் மிதவைக் கயிற்றில் இழுபடும் ரப்பர் கயிற்றைச் சேர்க்கிறார்கள். 15 மீட்டர் ரப்பர் மூன்று மடங்கு நீண்டால் 45 மீட்டர். முதல் ஓட்டத்தின் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். அப்புறம் மீன் தளரும் ஒவ்வொரு நொடியும் ரப்பர் அதைத் திரும்ப இழுக்கும். மீனுக்கு ஓய்வே கிடைக்காது. மஞ்சள் துடுப்புச் சூரையைத் திறந்த கடலில் அடிப்பவர்கள் ரப்பரையும் இரண்டு மூன்று மிதவைகளையும் வரிசையாகக் கோப்பது இதனால்தான். சூரையின் உடல் சுற்றியுள்ள நீரைவிடச் சூடானது, நீண்ட தூரம் ஓயாமல் நீந்துவதற்கென்றே அமைந்த சிவப்புத் தசை அதற்கு உண்டு. அதைச் சட்டென்று நிறுத்த முடியாது, விடாத இழுவையால்தான் களைக்க வைக்க முடியும்.

சுறா வரும்போது இதே நன்மை எதிராகத் திரும்புகிறது. ரப்பர் கொடுக்கும் அந்த 30 மீட்டரும் மீனுக்கு ஆழம். ஆழத்தில் மீன் உதறுவதை நீங்கள் பார்க்கக்கூட முடியாது. நேரமும் கூடும்.

நான் அடித்த முதல் டாக்டூத் சூரை, அதாவது பவளத்திட்டின் ஓரம் திரியும் நாய்ப்பல் சூரை, அப்படித்தான் போனது. ரப்பரை முழு நீளத்துக்கு வைத்திருந்தேன், மிதவை ஒன்றுதான். மீன் நேராகக் கீழே போனது, மிதவையும் கூடவே போனது. கொஞ்ச நேரத்தில் மிதவை மேலே வந்தது. கயிற்றைச் சேர்த்துக்கொண்டே வந்தால் கடைசியில் தலை மட்டும் வந்தது, செவுளுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. என் ஏற்பாட்டின் தப்பு அது. அன்றைக்கு அந்த மீன் பட்ட பாடு இன்னும் என் மனசில் இருக்கிறது.

ஆகவே எந்தக் கயிறு என்பது மீனைப் பொறுத்தது. டாக்டூத் சூரை அடிபட்டதும் பாறையை நோக்கிச் செங்குத்தாக இறங்கும். கயிற்றைப் பவளத்தில் உரசி அறுப்பதும், திட்டில் நிற்கும் சாம்பல் சுறாக்களின் நடுவே மீனைக் கொண்டுபோய் விடுவதும் அந்த ஓட்டம்தான். அதற்கு ரப்பர் மிகக் குட்டையாக இருக்க வேண்டும், அல்லது வேண்டவே வேண்டாம். பெரிய, அழுத்தம் ஏற்றிய மிதவைகள் வேண்டும். ஒரு கணக்கு போட்டுவிட்டுத்தான் நான் இப்போது இறங்குகிறேன்: கயிற்றின் நீளம், ரப்பர் முழுக்க இழுபட்ட நீளம், இரண்டையும் கூட்டினால் தரையின் ஆழத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 60 மீட்டர் ஆழத்தில் 30 மீட்டர் கயிறும் 45 மீட்டர் நீளும் ரப்பரும் வைத்தால், பாறைக்குப் போகும் வழியை மீனுக்கு நாமே திறந்துவிட்டது மாதிரி. மிதவை மூழ்கினால் அந்த அளவுக்குக் கூடுதல் ஆழமும் சேரும் என்பதால் கொஞ்சம் மிச்சம் விட்டே கணக்குப் போடுங்கள்.

வாஹூவுக்கு நேர் எதிர். முதல் ஓட்டம் மின்னல் வேகம், ஆனால் நீடிக்காது. சதையும் கிழியும். அதற்கு ரப்பர் வேண்டும், மிதவை சின்னதாக இருந்தாலும் போதும். வஞ்சிரத்துக்கும் அப்படியே. மஞ்சள் துடுப்புச் சூரைக்கு, அடியே தெரியாத ஆழக்கடலில், நீள ரப்பரும் மிதவை வரிசையும். அங்கேயே பட்டுச் சுறாக்கள் கூட்டமாக நின்றால்? நான் ரப்பரைப் பாதியாக்கி மிதவையைக் கூட்டுவேன். சில மீன் கிழிந்து தப்பலாம். ஆனால் தப்பாத மீன் சீக்கிரம் வரும்.

முனை, தூரம், இரண்டாவது குறி

ஈட்டியின் முனையில் இரண்டு வகை. மடக்கு முள் வைத்த சாதாரண ஈட்டி மீனுக்குள்ளேயே கிடக்கும். மீன் உதற உதற நீளமான கம்பி நெம்புகோல் மாதிரி ஆடித் துளையைப் பெரிதாக்கும். கழலும் முனை உடலைத் துளைத்து வெளியே போனதும் ஈட்டியிலிருந்து கழன்று, எஃகுக் கம்பிவடத்தோடு குறுக்கே திரும்பிக்கொள்ளும். கம்பி வெளியே வந்துவிடும், பிடி மட்டும் நிற்கும். 20 கிலோவுக்கு மேற்பட்ட மீனுக்குக் கழலும் முனைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே நிபந்தனை, அது மறுபக்கம் வரை துளைத்தாக வேண்டும். தூரத்திலிருந்து சுட்டால் துளைக்காது, மாட்டவும் மாட்டாது.

தூரம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. முகமூடிக் கண்ணாடி வழியாக நீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நான்கில் ஒரு பங்கு பக்கத்திலும் தெரியும். உண்மையில் 8 மீட்டரில் இருக்கும் மீன் 6 மீட்டரில் இருப்பதாகத் தோன்றும். திட்டின் ஓரத்தில் பாறையும் பவளமும் அளவு சொல்லும். நீலக்கடலில் எதுவும் சொல்லாது. பெரிய மீன் ஆக ஆக ஏமாற்றமும் அதிகம். கண்ணும் வாயும் தனித்தனியாகத் தெளிவாகத் தெரியும் வரை காத்திருங்கள். கண்ணுக்குச் சற்றுப் பின்னால், மேலே, மூளை. அதிலிருந்து வால் வரை முதுகெலும்பு. அங்கே விழுந்தால் மீன் துடிக்காமல் விறைத்து நிற்கும். சுறாவுக்கு எதிராக இருப்பதிலேயே சிறந்த ஏற்பாடு அந்தக் குறிதான், வேறெந்தச் சாமானும் அதற்கு ஈடில்லை. வயிற்றில் விழும் என்று தோன்றினால் சுட வேண்டாம். மீன் போகட்டும்.

துப்பாக்கியைப் பற்றிச் சுருக்கமாக: பல ரப்பர் கட்டிய கனமான மரத் துப்பாக்கி நிதானமானது, திருப்புவது கஷ்டம். உருளை வைத்த துப்பாக்கி குட்டையாக இருந்தும் வலுவானது, ரப்பர் ஏற்றுவதற்குப் பழக்கம் வேண்டும். எது உங்களுக்குப் பழகியதோ அதுவே போகட்டும். ஆனால் துணைக்கு இருப்பவரிடம் ரப்பர் ஏற்றிய இரண்டாவது துப்பாக்கி இருக்கட்டும். மீன் 15 மீட்டருக்கு மேலே வந்ததும் அவர் இரண்டாவது குறி வைத்தால் சண்டை பாதியாகக் குறையும். ஒருவர் முங்க ஒருவர் மேலே பார்த்திருப்பது மூச்சடக்கி முங்குபவர்களுக்கு எப்படியும் கட்டாயம். சுறா உள்ள இடத்தில் அந்த மேலே இருப்பவர்தான் உங்கள் முதுகுப் பக்கத்துக் கண்.

உடம்பில் எதையும் கட்டாதீர்கள்

மிதவைக் கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் காலியாக வைத்திருப்பது வசதிதான். 1963 டிசம்பரில் தென் ஆஸ்திரேலியாவின் ஆல்டிங்கா கடற்கரையில் ஈட்டிமீன் போட்டி நடந்தபோது ரோட்னி ஃபாக்ஸை வெள்ளைச் சுறா கடித்தது. அவர் விடுபட்ட பிறகும் விஷயம் முடியவில்லை. அவரோடு கட்டியிருந்த மிதவையை அந்தச் சுறா பிடித்துக்கொண்டு கீழே போக, அவரும் கூடவே இழுபட்டார். கயிறு அறுந்ததால் மேலே வந்தார். 462 தையல்கள் போட்டுப் பிழைத்தார். அடித்த மீனையும் அப்படித்தான் நினைக்க வேண்டும். இடுப்பிலோ உடம்புக்குப் பக்கத்திலோ தொங்கவிடாதீர்கள், அப்போதே படகில் ஏற்றுங்கள்.

படகைப் பற்றிய தேர்வும் இதனால் எளிதாகிவிடுகிறது. நங்கூரம் போட்ட படகு ஓரிடத்தில் நிற்கும், மீன் மிதவையோடு அரை கிலோமீட்டர் போயிருக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டு உங்களோடு மிதந்து வரும் படகு, ஓட்டத் தெரிந்த ஒருவர் கையில் இருந்தால், சுறாவைப் பார்த்த இரண்டாவது நிமிடம் நீங்கள் படகில் இருக்கலாம். சுறாக் கடலுக்கு இரண்டாவதைத் தவிர வேறெதையும் நான் ஏற்கமாட்டேன்.

மீனை வரவழைப்பதிலும் அதே மாதிரி. நறுக்கிய மீனைத் தூவினால் சூரை வரும், சுறாவும் வரும். மணம் நீரோட்டத்தில் நீண்டு கிடப்பதால், தூவுவதை நிறுத்திய பிறகும் சுறா வந்துகொண்டிருக்கும். மினுமினுக்கும் தகடுகளையும் குட்டி மீன் பொம்மைகளையும் கயிற்றில் தொங்கவிட்டால் வாஹூவும் கடல்விராலும் ஆர்வத்தில் நெருங்கி வரும், பின்னால் எந்த மணமும் மிஞ்சாது. குறைவாகத்தான் மீன் வரும். அந்தக் குறைவோடு நான் சமாதானமாகிவிட்டேன்.

சுறாவை எதிர்கொள்ள

மின்புலம் உண்டாக்கும் கருவிகள் உண்டு. சுறாவின் மூக்குப் பகுதியில் இருக்கும் மின்னுணர்வுத் துளைகளை அவை தொந்தரவு செய்கின்றன. 2018-ல் ஆஸ்திரேலியாவில் வெள்ளைச் சுறாக்களிடம் ஐந்து வகைத் தடுப்புகளைச் சோதித்ததில், அலைச்சறுக்குப் பலகைக்கான ஒரு மின்கருவி மட்டும் இரை பறிபோவதை 96 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைத்தது. காந்தப் பட்டையும் மணம் பூசிய மெழுகும் பெரிதாக எதுவும் செய்யவில்லை. 40 என்பது பூஜ்யம் இல்லை. அதோடு, இவ்வகைக் கருவிகள் காப்பது அதை மாட்டியவரின் உடம்பை ஒட்டிய சிறிது தூரத்தைத்தான். 20 மீட்டர் தள்ளி உதறும் மீனை அவை காக்காது. காலில் மாட்டிய கருவியின் பின்னால் வால் மாதிரி இழுபடும் மின்முனை மிதவைக் கயிற்றோடு பின்னிக்கொள்ளவும் கூடும். வாங்கலாம், அதை நம்பிச் சுடக் கூடாது.

தோட்டா வைத்த தடி வேண்டாம் என்பதே என் தீர்மானம். தொட்டால் வெடித்துச் சுறாவைக் கொல்லும் சாமான் அது. அதன் இரத்தம் மற்றச் சுறாக்களையும் அழைக்கும். அதைவிட முக்கியமானது வேறு: நீலக்கடலில் நம்மை நெருங்கிவந்து சுற்றும் வெண்முனைப் பெருங்கடல் சுறா 2019 முதல் அழியும் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அது அதன் வீட்டில் தன் பசிக்கு நடந்துகொள்கிறது. ஒரு மீனுக்காக அதைக் கொல்வது எனக்குச் சம்மதமில்லை.

நான் நம்புவது முகத்தை நேராகத் திருப்புவதை. சுறாவைக் கண்ணில் வைத்திருங்கள், அது திரும்பும் பக்கம் நீங்களும் திரும்புங்கள், காலை உதைத்துத் தப்பி ஓடாதீர்கள். நெருங்கினால் சுட்டு முடித்த வெறும் துப்பாக்கியின் நுனியால் தள்ளிவிடலாம். சாம்பல் சுறாவிடம் ஒரு அடையாளம் உண்டு: முதுகை வளைத்து, பக்கத் துடுப்புகளைக் கீழே தாழ்த்தி, உடம்பை அளவுக்கு மீறி வளைத்து நெளித்து நீந்தும். ஜான்சன், நெல்சன் இருவரும் 1973-ல் விவரித்த மிரட்டல் அது. அதைப் பார்த்ததும் அதன் வழியை அடைக்காமல் மெல்லப் பின்வாங்க வேண்டும்.

மீனைச் சுறா கவ்விவிட்டால் நீருக்குள் இருந்தபடி கயிற்றை இழுக்கவே வேண்டாம். மிதவையை விட்டுவிட்டுப் படகேறுங்கள், படகிலிருந்து இழுங்கள். பாதி மீன் வந்தால் பாதி. அதே இடத்தில் இன்னொரு மீனைச் சுடாமல் படகைத் தூரமாக நகர்த்துங்கள், ஏனென்றால் அங்கே நிற்கும் சுறாக்களுக்கு இப்போது நம் சத்தமும் சோற்று மணி மாதிரி ஆகியிருக்கும். சுறா கயிற்றிலேயே சிக்கியிருந்தால், எவ்வளவு நெருக்கமாக அறுக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாகப் படகிலிருந்தே அறுத்துவிடுங்கள். அதற்கான கத்தி படகோட்டியிடம் ஒன்று, உங்கள் உடம்பில் இரண்டு கைக்கும் எட்டுகிற மாதிரி மார்புப் பக்கம் ஒன்று. காலில் கட்டிய கத்தி கயிறு சுற்றிய காலோடு எட்டாமல் போகும்.